எல்லாருமே 'கோச்' தான்: கனடா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் யார் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகனுக்கு ஒரு பல்கலைக்கழக அணியிலிருந்து ஃபோன் வருகிறது. பேசியவர் 'கோச்' என்று சொன்னார், பெயரைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அல்லது நீங்களே இந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறீர்கள், மாணவர் அட்டையைக் காட்டி உள்ளே போய் முதல் ஆட்டத்தைப் பார்க்கிறீர்கள். மைதான ஓரத்தில் ஒரே நிற ஜாக்கெட்டில் ஏகப்பட்ட பேர். பாதிப் பேர் காதில் ஹெட்செட். கத்துவது யார், குறிப்பெடுப்பது யார், முடிவெடுப்பது யார், ஒன்றும் பிடிபடவில்லை. இந்த இரண்டு வகையினருக்கும்தான் இதை எழுதுகிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் கனேடிய ஃபுட்பால்தான் விஷயம்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் தலைமைப் பயிற்சியாளரையே பார்க்கிறார்கள். பத்திரிகையில் வருவது அவர் முகம், தோற்றால் திட்டு வாங்குவதும் அவர்தான். ஆனால் உங்கள் பிள்ளை தினமும் எதிர்கொள்ளப்போவது வேறொருவரை. அவன் ஆடும் இடத்துக்கென்று இருக்கும் பயிற்சியாளர் அவர். பல அணிகளில் அவர் முழுநேர ஊழியர்கூட இல்லை. பகலில் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு மாலையில் மைதானத்துக்கு வருபவராக இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: லீக்கைப் பற்றி ஐந்து நிமிடம்

கனடாவின் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பின் பெயர் யூ ஸ்போர்ட்ஸ். 2016 வரை சி.ஐ.எஸ். என்ற பெயரில் இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். ஃபுட்பால் ஆடும் பல்கலைக்கழகங்கள் அண்மை ஆண்டுகளில் 27. அவற்றை நான்கு வட்டாரப் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள்: மேற்கே கனடா வெஸ்ட், ஒன்டாரியோவில் ஓ.யூ.ஏ., கியூபெக்கில் ஆர்.எஸ்.இ.க்யூ., அட்லாண்டிக் கரையில் ஏ.யூ.எஸ். இவற்றில் பெரியது ஓ.யூ.ஏ., 11 அணிகள். டொராண்டோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அருகில் கிடைப்பவை யார்க் பல்கலைக்கழகமும் டொராண்டோ பல்கலைக்கழகமும்.

சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் முடிய ஓடும், ஒவ்வோர் அணிக்கும் எட்டு ஆட்டங்கள். நவம்பரில் பிளேஆஃப். வட்டாரக் கோப்பைகளில் ஒன்டாரியோவின் யேட்ஸ் கோப்பை 1898-இலிருந்து இருக்கிறது. வட்டாரத்தை வென்றவர்கள் அரையிறுதியில் மிட்செல் பௌல், யூடெக் பௌல் என்ற இரண்டு ஆட்டங்களில் மோதுவார்கள். அதிலும் வென்றவர்களுக்கு வேனியர் கோப்பை. முதல் ஆட்டம் 1965-இல் நடந்தது, டொராண்டோ பல்கலைக்கழகம் வென்றது.

பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். யூடெக் பௌல் என்பது ஹாலிஃபாக்ஸின் செயின்ட் மேரிஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த லாரி யூடெக்கின் பெயர். ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது, குவீன்ஸ் அணியை 1948 முதல் 1975 வரை நடத்திய ஃபிராங்க் டிண்டாலின் பெயரில் இருக்கிறது. சிறந்த லைன்மேனுக்கான (முன்வரிசையில் நின்று எதிரணியோடு மோதித் தள்ளுபவர்) விருது வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெட்ராஸ் பெயரில். (நம்ம ஊர் மெட்ராஸுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) டிண்டாலும் மெட்ராஸும் அந்தக் காலத்தில் ஃபுட்பாலோடு கூடைப்பந்து அணிக்கும் பயிற்சி கொடுத்தவர்கள். ஒரே ஆள் இரண்டு அணிகளைப் பார்த்துக்கொண்ட அந்தக் காலம் போய், இப்போது ஓர் அணிக்குப் பத்துப் பதினைந்து பயிற்சியாளர்கள்.

படி 2: அணியின் ஊழியர் பட்டியலைப் படியுங்கள்

மைதானத்துக்குப் போகும் முன்பே, பல்கலைக்கழக விளையாட்டுத் துறை வெளியிடும் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் இந்த வரிசையில் இருக்கும்.

மேலே தலைமைப் பயிற்சியாளர், அதாவது ஹெட் கோச். அடுத்து மூன்று கோஆர்டினேட்டர்கள்: பந்து நம்மிடம் இருக்கும்போது ஆட்டத்தை வகுப்பவர் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர், எதிரணியைத் தடுப்பதைப் பார்த்துக்கொள்பவர் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், உதைகள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் ஸ்பெஷல் டீம்ஸ் கோஆர்டினேட்டர். சில அணிகளில் தலைமைப் பயிற்சியாளரே இதில் ஒன்றையும் கையில் வைத்திருப்பார். அப்படி இருந்தால் அது முக்கியமான தகவல்: அந்தப் பக்கம் ஆடும் பையன்களை அவருக்கு நேரடியாகத் தெரியும், மறுபக்கத்தை மற்றவரிடம் விட்டிருப்பார்.

அதற்குக் கீழே பொசிஷன் கோச்கள். குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர் (எறிந்ததைப் பிடிப்பவர்), அஃபென்சிவ் லைன், டிஃபென்சிவ் லைன், லைன்பேக்கர் (அந்தத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவர்), டிஃபென்சிவ் பேக் (ரிசீவர்களைத் தடுப்பவர்) என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர். ரிசீவர்களுக்கு மட்டும் இரண்டு பேர் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கனேடிய ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 12 பேர், மைதானம் 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம். அமெரிக்க ஆட்டத்தைவிட ஓர் ஆள் கூடுதல், பரப்பும் பெரிது. பந்தை எறிந்து பிடிக்கும் ஆட்டத்துக்கு இடம் தாராளம்.

பட்டியலின் கடைசிப் பகுதியில் உடற்தகுதிப் பயிற்சியாளர், ஆட்சேர்ப்பைப் பார்ப்பவர், வீடியோ பொறுப்பாளர், உபகரணப் பொறுப்பாளர், சிகிச்சையாளர்கள் இருப்பார்கள். இவர்களைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

சரி, இந்தப் பட்டியலில் யார் முழுநேரம், யார் பகுதிநேரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியல் அதை நேராகச் சொல்லாது. பல்கலைக்கழக மின்னஞ்சலும் அலுவலக எண்ணும் இருப்பவர் பெரும்பாலும் முழுநேரம். வெறும் பெயரும் படமும் மட்டும் இருந்தால், அவர் சிறு தொகைக்கோ சும்மாவோ வந்து உழைப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். இந்த லீக்கில் ஜீனோ ஃபிராக்காஸ் விருது என்று ஒன்று இருக்கிறது. துணைப் பயிற்சியாளர்களுக்கும் தன்னார்வப் பயிற்சியாளர்களுக்கும் என்றே தேசிய அளவில் கொடுப்பது. சம்பளம் வாங்காமல் வருபவர்கள் இல்லாவிட்டால் இந்த ஆட்டம் நடக்காது என்பதை லீக்கே ஒப்புக்கொண்ட மாதிரிதான் அது.

பணம் எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்று பார்க்க லவால் பல்கலைக்கழகம் நல்ல உதாரணம். கியூபெக் நகரத்தில் இருக்கும் லவாலின் ரூஜ் எ ஓர் அணி 1996-இல்தான் ஆடத் தொடங்கியது. ஜாக் டாங்கே என்ற மரச்சாமான் வியாபாரியும் உள்ளூர்த் தொழிலதிபர்களும் சேர்ந்து, அணியின் செலவைத் தனியார் ஆதரவில் நடத்தும் ஏற்பாடு செய்தார்கள். முழுநேரப் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. மூன்றே ஆண்டுகளில், 1999-இல், வேனியர் கோப்பை. 2001-இல் தலைமைப் பொறுப்பேற்ற க்ளென் கான்ஸ்டன்டின் தலைமையில் அப்புறம் வரிசையாக வென்றார்கள்; 2024-இல் கிங்ஸ்டனில் லாரியே அணியை 22-17 என்று தோற்கடித்தது அவர்களின் 12-ஆவது பட்டம். மற்ற பல்கலைக்கழகங்கள் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டன, குறை சொன்னன, அப்புறம் முடிந்தவை எல்லாம் அதே வழியில் பழைய மாணவர்களிடம் நிதி திரட்டத் தொடங்கின. என் கருத்தில், இரண்டு அணிகளை ஒப்பிட வேண்டுமென்றால் வெற்றி தோல்விக் கணக்கைவிட 'உங்களிடம் முழுநேரப் பயிற்சியாளர்கள் எத்தனை பேர்?' என்ற ஒரு கேள்வி அதிகம் சொல்லும்.

படி 3: மைதானத்தில் எங்கே உட்காருவது, எதைப் பார்ப்பது

உங்கள் அணியின் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். எதிரில் இருந்தால் முகமும் கையும் தெரியும். பைனாகுலர் இருந்தால் கொண்டு போகலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முதலில் மேலே பாருங்கள். பத்திரிகையாளர் அறைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை இருக்கும். கோஆர்டினேட்டர்களில் ஒருவரோ அவருக்கு உதவியாளரோ அங்கே உட்கார்ந்திருப்பார். உயரத்திலிருந்து பார்த்தால்தான் எதிரணி எப்படி அணிவகுத்து நிற்கிறது என்று தெரியும். தரையில் நிற்பவருக்கு ஆறடி உயரப் பையன்களின் முதுகுகள்தான் தெரியும். மேலே இருப்பவர் சொல்வது ஹெட்செட் வழியாகக் கீழே வருகிறது.

கீழே, பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய அட்டையை வைத்துக்கொண்டு, வாயை அதால் மறைத்துப் பேசுபவர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர். அவருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் தலையைத் தொட்டு, தோளைத் தட்டி, கையைச் சுழற்றிச் சைகை காட்டுவார்கள். அவர்களில் ஒருவர் காட்டுவதுதான் நிஜம், மற்றவர்கள் எதிரணியைக் குழப்ப நிற்கிறார்கள். இப்படிச் சைகை காட்ட நிற்பவர் பெரும்பாலும் காயம்பட்டு ஆட முடியாத குவார்ட்டர்பேக்கோ மாணவ உதவியாளரோ.

வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வைத்துக்கொண்டு பெஞ்சில் ஐந்தாறு பையன்களைச் சுற்றி உட்கார வைத்து வரைந்து காட்டுபவர் பொசிஷன் கோச். எதுவும் பேசாமல், எல்லை தாண்டி மைதானத்துக்குள் காலை வைக்கும் மற்ற பயிற்சியாளர்களைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பவர் ஒருவர் இருப்பார். அவர் பெரும்பாலும் உடற்தகுதிப் பயிற்சியாளர். சிரிப்பாக இருக்கும், ஆனால் அவர் இல்லாவிட்டால் அணிக்குப் பெனால்டி விழும்.

இவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, வரும்வரை காத்திருங்கள். அமெரிக்க ஆட்டத்தில் 10 யார்டு கடக்க நான்கு வாய்ப்பு. கனடாவில் மூன்றுதான். இரண்டு முயற்சி போய்விட்டால் மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதைப் பன்ட் என்பார்கள்.

நிலைமை இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மூன்றாவது டவுன், கடக்க வேண்டியது 2 யார்டு, பந்து நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால். நடுவர் விசில் ஊதியதிலிருந்து 20 நொடி. அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் 'போகலாம்' என்கிறார். 2 யார்டுதானே, அவருடைய லைன்மேன்கள் தள்ளிவிடுவார்கள். ஸ்பெஷல் டீம்ஸ் கோஆர்டினேட்டர் இரண்டாவது டவுன் முடிவதற்கு முன்பே பன்ட் ஆட்களைக் கோட்டோரம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஒவ்வொருவராக விரல் விட்டு 12 எண்ணுகிறார். டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் வாயைத் திறக்காவிட்டாலும் முகத்தில் தெரிகிறது: தோற்றால் நடு மைதானத்திலிருந்து என் பையன்கள் தடுக்க வேண்டும். மேலே கண்ணாடி அறையிலிருந்து எதிரணியில் யார் உள்ளே வருகிறார்கள் என்று செய்தி வருகிறது. இத்தனை பேரும் ஒருவரைப் பார்க்கிறார்கள். தலைமைப் பயிற்சியாளர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கொடியைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், கையை ஒரு முறை அசைக்கிறார். பன்ட் ஆட்கள் ஓடுகிறார்கள். அவருடைய சம்பளத்துக்கு வேலை இந்தப் பத்து நொடிதான் என்று சொன்னால் மிகையில்லை.

உதை போனதும் இன்னொரு நாடகம். கனடாவில் பந்தைப் பிடிப்பவர் கையை உயர்த்தி 'என்னைத் தொடாதே' என்று சொல்லும் விதி கிடையாது. அவர் பந்தைத் தொடும்வரை உதைத்த அணிக்காரர்கள் 5 யார்டு தள்ளி நிற்க வேண்டும், தொட்டவுடன் பாயலாம். அதனால் அநேகமாக ஒவ்வொரு பன்ட்டிலும் யாராவது ஓடுவார்கள். பந்து மைதானத்தின் கடைசியில் இருக்கும் எண்ட் சோன் பகுதிக்குள் விழுந்து அங்கேயே அடங்கிவிட்டால் உதைத்த அணிக்கு ஒரு புள்ளி. இதற்கு ரூஜ் என்று பெயர். ஒரு புள்ளியில் தோற்ற அணிகள் எத்தனையோ. அமெரிக்காவில் துணைப்பாடமாக நினைக்கும் இந்த உதை விவகாரம் இங்கே மூன்றில் ஒரு பங்கு பாடம். ஓர் அணி ஸ்பெஷல் டீம்ஸுக்குத் தனி ஆள் வைத்திருக்கிறதா, அல்லது யார் தலையிலோ கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மனிடோபாவின் மாயா டர்னர் 2023-இல் இந்த லீக்கின் வழக்கமான சீசனில் ஆடிப் புள்ளி எடுத்த முதல் பெண் ஆனது உதை ஆட்டக்காரராகத்தான். ரெஜைனாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் வெற்றி உதையும் அவருடையது.

படி 4: 'கோச்' என்று பெயர் இல்லாதவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெற்றோருக்கு இதுதான் முக்கியமான படி என்பேன். பிள்ளை பத்திரமாக இருக்கிறானா என்பதைத் தீர்மானிப்பவர்கள் இவர்கள்.

இடுப்பில் பை கட்டிக்கொண்டு, கையில் டேப்போடு நிற்பவர் அத்லெடிக் தெரபிஸ்ட். கனடாவில் இது தனிப் படிப்பும் தேர்வும் உள்ள தொழில். யார்க், கான்கார்டியா போன்ற பல்கலைக்கழகங்களில் கற்றுக்கொடுக்கிறார்கள். அவரைச் சுற்றி நிற்கும் இளைஞர்கள் பெரும்பாலும் அந்தப் படிப்பின் மாணவர்கள். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் இவர்தான் ஆளை வெளியே எடுப்பார், தலைமைப் பயிற்சியாளர் அதை மாற்ற முடியாது. ஒரு காட்சியை நீங்களே பார்க்கலாம்: அடிபட்ட பையனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, முதல் வேலையாக அவனுடைய ஹெல்மெட்டை வாங்கித் தன் காலடியிலோ பெட்டிக்குப் பின்னாலோ வைத்துக்கொள்வார். ஹெல்மெட் கையில் இருந்தால் பையன் கூட்டத்தோடு கூட்டமாக மறுபடி உள்ளே ஓடிவிடுவான் என்று அவருக்குத் தெரியும். கோச் வந்து 'எப்படி இருக்கிறான்?' என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். பேச்சு அதோடு முடிந்தது.

ஒன்டாரியோவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2013-இல் ரக்பி ஆட்டத்தில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற பதினேழு வயதுப் பெண்ணின் பெயரில் 2018-இல் ரோவன் சட்டம் வந்தது. வீரர்களும் பயிற்சியாளர்களும் தலைக்காயம் பற்றிய குறிப்புகளை ஆண்டுதோறும் படித்து உறுதி செய்ய வேண்டும். அடிபட்டவரை உடனே வெளியே எடுக்கவும், படிப்படியாகத் திரும்பச் சேர்க்கவும் எழுத்தில் ஒரு நடைமுறை இருக்க வேண்டும். அந்த நடைமுறையைக் காட்டுங்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்து ஊக்கமருந்து. 2010-இல் வாட்டர்லூ பல்கலைக்கழகம் தன் அணி முழுவதையும் சோதனைக்கு உட்படுத்தியது. ஒன்பது விதிமீறல்கள் வெளிவந்தன. அந்த ஆண்டு சீசனையே பல்கலைக்கழகம் ரத்து செய்தது. ஒரு தப்பும் செய்யாத பையன்களுக்கும் ஓராண்டு போனது, சிலர் வேறு அணிக்கு மாறினார்கள். ஜிம்மில் யாரோ கொடுக்கும் பவுடரை வாங்கிச் சாப்பிடும் முன் உடற்தகுதிப் பயிற்சியாளரிடமும் தெரபிஸ்டிடமும் காட்டச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் உட்கார்ந்து தாள்களைப் பார்க்கும் நிர்வாகப் பொறுப்பாளரையும் மறந்துவிடாதீர்கள். ஒருவன் ஆடத் தகுதி உள்ளவனா, எத்தனை பாடம் எடுத்திருக்கிறான், ஐந்து ஆண்டு வரம்பில் எத்தனை போயிற்று என்பதெல்லாம் அவர் கணக்கு. 2017-இல் செயின்ட் மேரிஸ் அணியின் ஒரே ஒரு வீரரின் தகுதி பற்றி எழுந்த சர்ச்சையில் அட்லாண்டிக் இறுதியாட்டமான லோனி பௌலையே ரத்து செய்தார்கள். விஷயம் நீதிமன்றம் போய், ஆட்டத்தை நடத்தச் சொல்லி உத்தரவு வந்து, கடைசியில் அகேடியா அணி கூடுதல் நேரத்தில் வென்றது. ஒரு தாள், ஒரு தேதி, அவ்வளவு தூரம் போகும்.

படி 5: ஆட்சேர்ப்புப் பேச்சில் என்ன கேட்பது

வழக்கமாக முதலில் பேசுபவர் ஆட்சேர்ப்பைப் பார்ப்பவர் அல்லது உங்கள் பகுதிக்குப் பொறுப்பான துணைப் பயிற்சியாளர். கடைசியில்தான் தலைமைப் பயிற்சியாளர் வருவார். அழைக்கும்போது 'கோச்' என்று சொல்லி அவர் குடும்பப் பெயரைச் சேர்த்தால் போதும். சார் வேண்டாம், அங்கிள் வேண்டவே வேண்டாம்.

நம் வீடுகளில் அப்பாதான் பேசுவார், பையன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவான். இங்கே அது எடுபடாது. பயிற்சியாளருக்குப் பையனின் குரல் கேட்க வேண்டும். அவனே மின்னஞ்சல் எழுத வேண்டும், அவனே திரும்ப அழைக்க வேண்டும். அப்பா அம்மாவின் முறை பணம், படிப்பு, மருத்துவம் மூன்றிலும் வரும். அப்போது தயங்காமல் கேளுங்கள்.

பையன் கேட்க வேண்டியவை: என் பொசிஷன் கோச் யார், எத்தனை ஆண்டாக இருக்கிறார், அடுத்த ஆண்டும் இருப்பாரா? அவரோடு நேரில் பேச முடியுமா? என் இடத்தில் இப்போது எத்தனை பேர், அதில் நான்காம், ஐந்தாம் ஆண்டில் எத்தனை பேர்? ஆட்டநாளில் சீருடை போடுவது 48 பேர்தான், ஆனால் அணிப் பட்டியலில் அதைப்போல ஏறக்குறைய இருமடங்குப் பெயர்கள் இருக்கும். முதல் ஆண்டில் வேடிக்கை பார்க்க வேண்டி வரலாம் என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கியூபெக் அணிகள் என்றால் இன்னொன்றும் உண்டு: அங்கே பையன்கள் பள்ளி முடித்து, இடையில் செஜெப் கல்லூரி முடித்து, வயதிலும் உடம்பிலும் முற்றியே வருவார்கள்.

பெற்றோர் கேட்க வேண்டியது உதவித்தொகை. அமெரிக்காவில் சொல்வது போல் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்த முழு ஸ்காலர்ஷிப் என்று இங்கே நினைக்காதீர்கள். விளையாட்டுக்காகத் தரும் தொகை, படிப்புக் கட்டணமும் கட்டாயக் கட்டணங்களும் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, காயம்பட்டால் என்ன ஆகும், மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி வேறொரு வாய்ப்பை விட்டுவிட வேண்டாம். பயிற்சியாளர் நல்லவராகவே இருக்கலாம்; ஜனவரியில் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டால்? சீசன் முடிந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இந்த வேலைமாற்றங்கள் அதிகம் நடக்கும், பையன்கள் முடிவெடுக்கும் காலமும் அதுவே.

வீட்டுக்கே வருகிறேன் என்று சொன்னால் வரட்டும். வடை போட்டுக் கொடுங்கள், ரசித்துச் சாப்பிடுவார்கள். ஆனால் வடைக்கு முன் கேள்விகளை முடித்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு, 'என் பையனை ஏன் ஆட விடவில்லை?' என்று ஃபோன் செய்யாதீர்கள். அந்தக் கேள்வியை அவன் தன் பொசிஷன் கோச்சிடம், ஆட்டத்துக்கு மறுநாள் அல்ல, செவ்வாய்க்கிழமை வாக்கில் கேட்கட்டும். ஞாயிறு முழுக்க அவர்கள் ஆட்ட வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டி ஒவ்வொரு பையனுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார்கள். திங்களன்று அடுத்த எதிரணி. செவ்வாய்க்குள் அவரிடம் பதில் இருக்கும், பொறுமையும் கொஞ்சம் திரும்பியிருக்கும்.

படி 6: நீங்களே உள்ளே நுழைய வேண்டுமென்றால்

ஆடத் தெரியாது, ஆனால் ஆட்டம் பிடித்துவிட்டது என்று சொல்லும் மாணவர்களுக்கு இது. அணிக்கு எப்போதும் ஆள் தேவை. வீடியோ எடுக்க, உபகரணம் பார்க்க, புள்ளிவிவரம் குறிக்க, சிகிச்சை அறையில் உதவ. கினிசியாலஜி (உடல் இயக்கவியல்) படிப்பவர்களுக்குத் தெரபி பக்கம் இயல்பான வழி; கணினி படிப்பவர்களுக்கு வீடியோ.

வீடியோ வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள இதைவிடக் குறுக்கு வழி இல்லை. ஒவ்வோர் ஆட்டத்தையும் இரண்டு கோணத்தில் எடுப்பார்கள்: பக்கவாட்டில் உயரத்திலிருந்து மைதானம் முழுக்கத் தெரிய ஒன்று, எண்ட் சோனுக்குப் பின்னாலிருந்து லைன்மேன்களின் கால்கள் தெரிய ஒன்று. பிறகு ஹடல் போன்ற மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு பிளேயையும், அதாவது ஒவ்வொரு முயற்சியையும், தனியாக வெட்டி, பக்கத்தில் கட்டங்களை நிரப்ப வேண்டும். எந்த டவுன், எத்தனை யார்டு பாக்கி, பந்து மைதானத்தின் எந்தப் பக்கம், என்ன அணிவகுப்பு, ஓட்டமா எறிதலா, எத்தனை யார்டு கிடைத்தது. ஒரே ஆட்டத்தில் நூற்றுக்கு மேல் பிளே. மூன்று வாரம் இப்படி நிரப்பினால், எதிரணி இரண்டாவது டவுனில் என்ன செய்யப் போகிறது என்று நீங்களே சொல்லத் தொடங்குவீர்கள். அப்போது கோச்கள் உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னொரு ஆரம்ப வேலை, அட்டை வரைவது. அடுத்த எதிரணியின் பிளேக்களைத் தடித்த மார்க்கரில் பெரிய அட்டைகளில் வரைந்து, பயிற்சியின்போது உயர்த்திக் காட்ட வேண்டும். பெஞ்சு ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்து எதிரணி போல ஆடிக் காட்டுவார்கள். கோடு தெளிவாக இல்லாவிட்டால் ஒருவன் தவறான பக்கம் ஓடி, முழுப் பயிற்சியும் நின்று, எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள்.

எப்போது கேட்பது? செப்டம்பரில் போய் நிற்காதீர்கள், அப்போது யாருக்கும் பேச நேரம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில், வசந்தகாலப் பயிற்சி முகாமுக்கு முன்பு எழுதுங்கள். தலைமைப் பயிற்சியாளருக்கு மட்டும் அனுப்பாமல் நிர்வாகப் பொறுப்பாளருக்கோ வீடியோ பொறுப்பாளருக்கோ அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும். நான்கு வரி போதும்: என்ன படிக்கிறேன், வாரத்தில் எந்த மாலைகள் வர முடியும், ஆகஸ்ட் முகாமுக்கு ஊரில் இருப்பேனா, என்ன வேலை தெரியும். ஆகஸ்ட் முகாமுக்கு இருப்பேன் என்ற வரிதான் அவர்கள் தேடுவது.

பயிற்சி கொடுக்கும் பக்கம் போக ஆசை என்றால் சில தாள்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். காவல்துறையிடமிருந்து பின்னணிச் சான்றிதழ்; சில நகரங்களில் வர வாரக்கணக்கில் ஆகும். என்.சி.சி.பி. எனப்படும் தேசியப் பயிற்சியாளர் சான்றிதழ்த் திட்டத்தில் நெறிமுறை பற்றிய பகுதியும், தலைக்காயம் பற்றிய மேக்கிங் ஹெட் வே பகுதியும். ஃபுட்பால் கனடா நடத்தும் சேஃப் கான்டாக்ட் வகுப்பு. பாதுகாப்பாக மோதவும் தடுக்கவும் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது பற்றியது. இவற்றை வைத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளி அணியிலோ சிறுவர் கிளப்பிலோ ஒரு சீசன் வேலை செய்தால் பல்கலைக்கழகக் கதவு சுலபமாகத் திறக்கும். மனிடோபா அணியை 2007-இல் வேனியர் கோப்பைக்குக் கொண்டுபோன பிரையன் டோபியே வின்னிபெக் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர்தான்.

ஆட்டம் ஆடியதில்லை என்பதை மறைக்க வேண்டாம், முதல் பயிற்சியிலேயே தெரிந்துவிடும். வீடியோவிலும் கணக்கிலும் கைதேர்ந்த, மைதானத்தில் ஒருநாளும் இறங்காத ஆட்களுக்கு இப்போது முன்னைவிட இடம் இருக்கிறது. முதல் ஆண்டு பணம் எதிர்பார்க்காதீர்கள்; அணியின் ஜாக்கெட்டும், வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ்ஸில் ஓர் இடமும், சாப்பாடும் கிடைக்கும். அக்டோபருக்கு மேல் கோபுரத்தில் ஏறி வீடியோ எடுக்கும் வேலை கிடைத்தால், விரல் நுனி திறந்த கையுறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உதிரி பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். குளிரில் பேட்டரி இரண்டாவது குவார்ட்டருக்குள் செத்துவிடும்.